எந்தச் சக்கரம் சும்மா சுற்றியது? கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற டிஃப் லாக்

கோலாலம்பூரில் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு அது வேலை வண்டி. ரவூப்பிலோ பெந்தோங்கிலோ கொஞ்சம் டுரியான் நிலம் இருக்கும். பத்தாங் காலி, கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குத்தகை வேலை இருக்கும். இல்லையென்றால் சனி ஞாயிறில் உலு லங்காட் ஆற்றங்கரையில் கூடாரம் போடும் கூட்டாளிகள் இருப்பார்கள். அதே வண்டிதான் வார நாளில் ஜாலான் ஈப்போ நெரிசலில் நிற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை கொட்டத் தொடங்கியதும் தோட்டத்துச் செம்மண் பாதை வழுக்க ஆரம்பிக்கும். ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டு, டிராக்டர் வந்து இழுத்துவிட்டால் போதும். அடுத்த வாரமே கேள்வி வந்துவிடும்: டிஃப் லாக் போடலாமா, எது மலிவு? டிஃப் லாக் அல்லது லாக்கர் என்பது, ஒரே ஆக்ஸிலில் உள்ள இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் கருவி.

கேட்ட உடனே ஆளாளுக்கு ஒரு பிராண்டு பெயரைச் சொல்வார்கள். ஏர் லாக்கர் போடு, அதுதான் பெஸ்ட் என்பார் ஒருவர். அவ்வளவு காசு எதற்கு, உள்ளே இருக்கும் கியரை மட்டும் மாற்றினால் போதும் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. வண்டி மாட்டியபோது எந்தச் சக்கரம் சும்மா சுற்றியது? ஒன்றா, குறுக்கே இரண்டா, நான்குமா? இது தெரியாமல் வாங்கினால், பாதி விலைக்குக் கிடைத்த லாக்கர்கூட வீண் செலவாகிவிடும்.

சமமாகப் பிரிப்பதில் வரும் சிக்கல்

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே ஆக்ஸிலில் இறுக்கிக் கட்டியிருந்தால் ஏதாவது ஒரு டயர் தரையில் உரசிக்கொண்டே போகும். அதைத் தவிர்க்கத்தான் டிஃபரன்ஷியல், சுருக்கமாக டிஃப். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன பினியன் கியர்கள் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கின்றன. தார் ரோட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சேற்றில் நடப்பதைத்தான் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. சக்தி முழுவதும் சுற்றுகிற சக்கரத்துக்கே போய்விடுகிறது என்று சொல்வார்கள். உண்மையில் சாதா டிஃப் முறுக்கு விசையை இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய சமமாகவே கொடுக்கிறது. அந்தச் சமம்தான் சிக்கல். இடது டயர் வழவழப்பான சேற்றில் இருக்கிறது, 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் வழுக்கிவிடும் என்று வையுங்கள். வலது டயர் கெட்டி மண்ணில் இருக்கிறது, 900 வரை தாங்கும். இடது பக்கம் 100க்கு மேல் ஏற்க முடியாததால் வலது பக்கத்துக்கும் அதே 100தான் கிடைக்கும். ஆக மொத்தம் 200. வலது டயர் நல்ல பிடிப்போடு சும்மா நிற்கும், இடது டயர் சேற்றை வாரி அடிக்கும், வண்டி நகராது.

இப்போது டிஃப்பை லாக் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். எந்தப் பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் அந்தப் பக்கத்துக்குப் போகும். 100ம் 900மாகச் சேர்ந்து 1,000. அதே எஞ்சின், அதே டயர், 5 மடங்கு இழுவை. லாக்கரின் வேலை முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும்.

நம் பிக்கப்புகளில் 4 ஹையோ (சாதா வேக ஃபோர் வீல்) 4 லோவோ (வேகம் குறைத்து இழுவை கூட்டும் ஃபோர் வீல்) போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் மட்டும்தான் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. முன்னும் பின்னும் இருக்கும் டிஃப்கள் அப்போதும் திறந்தே இருக்கும். அதனால்தான் குறுக்கே ஒரு வடிகாலைத் தாண்டும்போது முன் இடதும் பின் வலதும் காற்றில் தூக்கிக்கொண்டால், ஃபோர் வீல் போட்டிருந்தும் அந்த இரண்டு சக்கரம் மட்டும் சுற்ற வண்டி அப்படியே நிற்கிறது. தோட்டப் பாதையில் லோரி போய்ப் பறித்த பள்ளங்களிலும் இதே கதைதான். இப்படி மாட்டும் வண்டிக்கு, பின்னால் ஒரே ஒரு லாக்கர் இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

அதே கணக்கை இன்னொரு இடத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று நாள் மழைக்குப் பிறகு, முட்டி ஆழத்துக்குக் கூழாகிப்போன களிமண். நான்கு டயரும் தலா 100தான் தாங்கும். லாக் இல்லாமல் மொத்தம் 400, லாக் போட்டாலும் 400. கிடைத்த லாபம் ஒன்றுமில்லை. இரண்டு குழிக்குப் பதிலாக நான்கு குழி தோண்டிக்கொண்டு ஆக்ஸில் மண்ணில் உட்காரும். 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை ஆண்டு இறுதி மழைக் காலத்தில், நம் காடுகளில் நடத்துவார்கள். அதில் ஓடும் வண்டிகளைப் பார்த்தால் முன்னும் பின்னும் வின்ச், அதாவது கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார் உருளை, இருக்கும். லாக்கரும் இருக்கும், ஆனால் அந்த மாதிரிச் சேற்றிலிருந்து வண்டியை வெளியே கொண்டுவருவது வின்ச் கயிறுதான். உங்கள் வண்டி வழக்கமாக இப்படித்தான் மாட்டுகிறது என்றால் லாக்கருக்கு வைத்த காசை வின்ச்சுக்கும், மரத்தில் சுற்றும் பட்டைக்கும், கயிற்றை மாட்டும் நல்ல ஷேக்கிளுக்கும் போடுங்கள்.

முதலில் டயர்

மேலே சொன்ன 100, 900 எல்லாம் டயர் தரையைப் பிடிக்கும் அளவு. லாக்கர் இருக்கும் பிடிப்பைப் பயன்படுத்துமே தவிர புதிதாக எதையும் உண்டாக்காது. நெடுஞ்சாலை டயரின் மெல்லிய கோடுகளில் செம்மண் அப்பிக்கொண்டால் அது வழுக்குப் பாறை மாதிரி ஆகிவிடும். அந்த டயரோடு லாக்கர் வாங்குவது காசுக்குக் கேடு. அகலமான இடைவெளி உள்ள மட் டெரெய்ன் டயரோ, வாரம் முழுக்க ரோட்டில் ஓடும் வண்டி என்றால் கொஞ்சம் முரட்டு ஆல் டெரெய்ன் டயரோ முதலில் வர வேண்டும்.

அடுத்து காற்று. ரோட்டில் 32, 35 பிஎஸ்ஐ வைத்திருப்பதைத் தோட்டத்துக்குள் நுழையும்போது 20 பக்கம் இறக்கிப் பாருங்கள். டயர் நீளவாக்கில் படிந்து தரையைத் தொடும் பரப்பு கூடும். காசே செலவில்லாத மாற்றம் இது. திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் மட்டும் வண்டியில் இருக்க வேண்டும். காற்றை இறக்கிய டயரோடு வேகமாக ஓட்டக் கூடாது, ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்த பிறகும் குறுக்குச் சக்கரம் சுற்றி வண்டி மாட்டுகிறதா? சரி, இனி லாக்கர் பேசலாம்.

உங்கள் வண்டியில் ஏற்கனவே என்ன இருக்கிறது?

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், டி-மேக்ஸ், நவாரா எல்லாவற்றிலும் சில ரகங்களுக்குக் கம்பெனியிலேயே பின் டிஃப் லாக் வருகிறது. டேஷ்போர்டில் ஒரு பட்டன், அதில் ஆக்ஸில் படமும் ஒரு பெருக்கல் குறியும். சில வண்டிகளில் 4 லோ போட்டால்தான் அது வேலை செய்யும். வண்டியை நிறுத்தி, பட்டனை அழுத்தி, கொஞ்சம் முன்னே நகர்ந்தால் உள்ளே பல் பொருந்தி, மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரியும். இரண்டாம் கையாக வாங்கிய வண்டியில் இந்தப் பட்டன் வருடக் கணக்கில் தொடப்படாமல் கிடப்பதும் உண்டு.

பட்டன் இல்லாத வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு ஜாக்கும் இரண்டு ஸ்டாண்டும் போதும். செகாம்புட் பக்கம் ஒரு வர்க்‌ஷாப்பில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஹைலக்ஸ் கொண்டு வந்த இளைஞர் வந்ததும் வராததுமாக, "அண்ணே, பின்னாடி லாக்கர் ஒண்ணு போடணும், எவ்வளவு ஆகும்?" என்றார். மெக்கானிக் விலை சொல்லவில்லை. "இருப்பா தம்பி, உள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு முன் டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். பின் ஆக்ஸிலைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் உட்கார வைத்தார். டூ வீல் டிரைவிலேயே முதல் கியர் போட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்தார். பிறகு ஒரு பின் டயரைக் கையால் முன்னோக்கித் திருப்பினார்.

அந்தப் பக்க டயர் முன்னே சுற்ற, எதிர்ப் பக்க டயர் எந்தத் தடையும் இல்லாமல் பின்னே சுற்றினால் அது சாதா டிஃப். டயர் விடாப்பிடியாக நின்று, நெம்பினால் மட்டும் இறுக்கமாக நகர்ந்தால் உள்ளே லிமிடெட் ஸ்லிப் (எல்எஸ்டி) இருக்கிறது, அதாவது ஒரு பக்கம் மட்டும் தனியாகச் சுற்றுவதை ஓரளவு தடுக்கும் டிஃப். அசையவே அசையாது என்றால் லாக் ஆகியிருக்கிறது, அல்லது யாரோ வெல்டிங் அடித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த டயர் மெதுவாக, கொஞ்சம் சொரசொரவென்று இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப், ஆனால் தகடுகள் தேய்ந்துபோயிருந்தன. "லாக்கரே வேணாம்பா. தட்டை மாத்தி, மெல்லிசா ஷிம் தகடு வெச்சு இறுக்கிடலாம். எல்எஸ்டிக்குன்னு இருக்கிற எண்ணெய்தான் ஊத்தணும், மறந்துடாத" என்றார் மெக்கானிக். அந்த இளைஞரின் வண்டி மாட்டுவது நிலத்துக்குள் ஏறும் ஒரே ஒரு வழுக்கல் மேட்டில்தான். அதற்கு இதுவே தாராளம்.

தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்பைச் சரிபண்ணுவதைவிட மலிவான வழி வேறு இல்லை. அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு சக்கரம் முழுசாகக் காற்றில் தூக்கிக்கொண்டால், தகடுகளின் இறுக்கம் எவ்வளவோ அவ்வளவுதான் மறு பக்கத்துக்குப் போகும். கிளட்ச் இல்லாமல் சாய்பல் கியர்களை வைத்தே வேலை செய்யும் ட்ரூட்ராக் போன்ற ஹெலிக்கல் வகைக்குத் தேய்மானம் குறைவு, ரோட்டில் இருப்பதே தெரியாது. அதுவும் ஒரு பக்கம் தாங்குவதை மறு பக்கத்துக்குப் பெருக்கிக் கொடுக்கும் வகை என்பதால் பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக அழுத்தினால் காற்றில் சுற்றும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்து மறு பக்கம் இழுக்கும். புது வண்டிகளில் உள்ள ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் செய்வதும் இதைத்தான், பிரேக்கை அதுவே பிடிக்கிறது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சக்கரம் ஒரு சுற்று வழுக்கிய பிறகுதான் பிடிக்கும், நீண்ட சேற்றுப் பாதையில் பிரேக்கும் சூடாகும்.

பெட்டிக்குள் அடங்கும் மலிவு லாக்கர்

காசு குறைவு என்றதும் எல்லாரும் பேசுவது லஞ்ச்பாக்ஸ் லாக்கரைப் பற்றித்தான். லாக்-ரைட், ஆஸி லாக்கர், ஸ்பார்ட்டன் என்று சில பெயர்களில் வருகிறது. டிஃப் கேஸை, அதாவது கியர்களைத் தாங்கும் கூட்டை, அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சின்ன கியர்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பல் வைத்த நான்கு துண்டுகளையும் சில ஸ்பிரிங்குகளையும் பின்களையும் உட்கார வைப்பார்கள். கேஸைச் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும், எஞ்சின் பக்கமிருந்து அதைச் சுற்றும் பினியனும் ஒன்றோடு ஒன்று பொருந்தியிருக்கும் அளவைத் தொட வேண்டியதில்லை. மலிவுக்குப் பெரிய காரணம் இதுதான், பொருளின் விலை மட்டும் இல்லை.

இது தானாக வேலை செய்யும் வகை. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது இரண்டு பக்கமும் கட்டிப்போட்டது போல் சேர்ந்து சுற்றும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகப் போக வேண்டி வந்தால் அந்தப் பக்கப் பல் வழுக்கி விடுபடும். விடுபடும்போது டிக் டிக் என்ற சத்தம் கேட்கும், சில சமயம் டமார் என்று ஒரு அடி. சத்தத்தோடு வாழ்ந்துவிடலாம். எனக்குக் கவலை வேறு. சுமை இல்லாத பிக்கப்பின் பின்பக்கம் எடை குறைவு. காராக் நெடுஞ்சாலையிலோ தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் பாதையிலோ மழையில் வளைவு திரும்பும்போது காலை அழுத்தினால், பின் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் தள்ள ஆரம்பிக்கும், வால் ஒதுங்கும். டெட்ராய்ட் லாக்கர் போன்ற முழு கேஸ் தானியங்கி வகை இதைவிட உறுதியானது, வருடக் கணக்கில் உழைக்கும். ஆனால் ரோட்டில் அதற்கும் இதே குணம்தான். ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் உள்ள புது வண்டியில் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்கும் கணினிக்கும் இது குழப்பம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் பிக்கப்பின் பின் ஆக்ஸிலில் தானியங்கி லாக்கர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முன் ஆக்ஸில் என்றால் பேச்சே வேறு. முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கவும் விலக்கவும் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள பழைய வண்டிகள் இருக்கின்றனவே, எஸ்ஜே410 ஜிம்னி, கட்டை ஆக்ஸில் வைத்த எல்என்106 ஹைலக்ஸ் மாதிரி. அவற்றில் ஹப்பை ஃப்ரீயில் விட்டால் ரோட்டில் முன் டிஃப்புக்கு வேலையே இல்லை. உள்ளே லஞ்ச்பாக்ஸ் இருந்தாலும் சத்தமும் வராது, ஸ்டியரிங்கும் இழுக்காது. தோட்டத்து வாசலில் இறங்கி ஹப்பைத் திருப்பினால்தான் அது விழித்துக்கொள்ளும். பின்னால் நல்ல நிலையில் ஒரு லிமிடெட் ஸ்லிப், முன்னால் ஒரு லஞ்ச்பாக்ஸ். பழைய வண்டிக்கு இவ்வளவு குறைந்த செலவில் இதற்கு மேல் ஒரு கூட்டணி கிடைக்காது. சேற்றில் ஸ்டியரிங் கனக்கும், திருப்பிய சக்கரம் தானாக நேராகப் பார்க்கும், கையைக் கெட்டியாக வைத்திருக்க வேண்டும். சக்கரத்தை முழுக்க ஒடித்துவைத்துக்கொண்டு காலை அழுத்தினால் முன் ஜாயின்ட் உடையும். முன் ஆக்ஸில் தானாகவே இணைந்து விலகும் வண்டிகளில் இந்த வசதி இப்படியே பொருந்தாது, அந்த மாடலுக்கு ஏற்கனவே போட்டுப் பார்த்த மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

லஞ்ச்பாக்ஸ் வாங்குமுன் ஆக்ஸில் ஷாஃப்டின் முனையில் உள்ள ஸ்ப்ளைன் (நீளவாக்குப் பல்) எண்ணிக்கை, கிரவுன் வீலின் விட்டம், கேஸுக்குள் உள்ள சின்ன பினியன் கியர்கள் இரண்டா நான்கா என்ற மூன்றும் கையில் இருக்க வேண்டும். பழைய ஹைலக்ஸின் 8 அங்குல டிஃப்புக்கு 30 ஸ்ப்ளைன். வண்டி பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள், முந்தைய சொந்தக்காரர் ஆக்ஸிலையே மாற்றியிருக்கலாம். உள்ளே பொருத்தியதும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, கூடவே வரும் தாளில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கேஸ் தேய்ந்திருந்தால் இடைவெளி கூடி, சுமை ஏறும்போது பல் வழுக்கும். தேய்ந்த கேஸில் புது லாக்கர் நிற்காது.

வேண்டும்போது மட்டும்

பட்டனை அழுத்தினால் லாக், விட்டால் சாதா டிஃப். இந்த வகைக்குக் கூடுதல் காசு கொடுப்பது ஏன் நியாயம் என்பதை ரோட்டில் புரிந்துகொள்வதைவிட மலைச்சரிவில் புரிந்துகொள்வது சுலபம். செம்பனைத் தோட்டங்களில் குன்றைச் சுற்றிப் படிப்படியாக வெட்டிய பாதைகள் உண்டு. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு, பாதையே கொஞ்சம் சரிவுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். மழை பெய்த அந்தப் பாதையில் சாதா டிஃப் உள்ள வண்டியில் ஒரு பின் சக்கரம் வழுக்கினாலும் மற்றது சுற்றாமல் தரையைப் பிடித்து நிற்கும், அதுதான் நங்கூரம். லாக் ஆகியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுற்றும், சேர்ந்து வழுக்கும், பின்பக்கம் மெல்ல மெல்லச் சரிவை நோக்கி இறங்கும். மேட்டில் நேராக ஏறும்போது லாக் வேண்டும், பக்கவாட்டில் போகும்போது லாக் வேண்டாம். தோட்டத்தில் இரண்டும் அரை கிலோமீட்டருக்குள் மாறி மாறி வரும்.

1975இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஏஆர்பி நிறுவனம் 1987இல் ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற வடிவமைப்பின் உரிமையை வாங்கி ஏர் லாக்கர் என்று விற்க ஆரம்பித்தது. கம்ப்ரசரிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வரும் காற்று உள்ளே ஒரு வளையத்தைத் தள்ளிப் பல்லைப் பொருத்தும். அதே கம்ப்ரசரைச் சரியான இணைப்போடு டயருக்குக் காற்றடிக்கவும் வைத்துக்கொள்ளலாம், அந்த வகையில் ஒரு செலவு மிச்சம். தொந்தரவு வந்தால் பெரும்பாலும் காற்றுக் குழாயிலும் ஓ-ரிங்கிலும்தான் வரும். உள்ளே காற்று கசிந்தால் அது டிஃப் எண்ணெயை பிரீதர் எனும் காற்றுத் துவாரம் வழியாக வெளியே தள்ளும். பிரீதர் பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஓ-ரிங்கை. மின்காந்தத்தில் வேலை செய்யும் வகைக்கு ஒயர் மட்டும் போதும், பொருத்துவது கொஞ்சம் சுலபம்.

விலை எப்படி? அமெரிக்கச் சந்தையில் லஞ்ச்பாக்ஸ் 300 டாலர் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். ஹெலிக்கல் வகை ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. ஏர் லாக்கர் கம்ப்ரசர் இல்லாமலேயே 1,000 டாலரைத் தாண்டும். டாலரை ரிங்கிட்டாக மாற்றி, அனுப்பும் செலவும் வரியும் சேர்த்துப் பாருங்கள். பெரிய செலவு அதற்கு அப்புறம் வருகிறது. லஞ்ச்பாக்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கேஸையே மாற்ற வேண்டும். அப்படியென்றால் கிரவுன் வீலும் பினியனும் பொருந்தும் அளவைப் புதிதாக வைக்க வேண்டும். பல்லுக்குப் பல் விட வேண்டிய இடைவெளி பொதுவாக 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர். டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் மை தடவிச் சுற்றி, மை எந்த இடத்தில் அழிகிறது என்று பார்த்து, ஷிம்மோ நட்டோ மாற்றி, திரும்பவும் அளக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள் வேலை. கணக்கு தப்பினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும், கொஞ்ச மாதத்தில் கிரவுன் வீலும் பினியனும் போய்விடும். வர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் டயல் கேஜைக் காட்டச் சொல்லுங்கள். கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஹாஃப் கட் கடையில் தேடலாம்

மலேசியாவில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. வெட்டி இறக்குமதியான வண்டிகளின் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடைகளில், கம்பெனி லாக்கோடு கூடிய பின் ஆக்ஸிலோ டிஃப் தலையோ முழுசாகக் கிடைக்கும். உங்கள் மாடலுக்கு மேல் ரகத்தில் லாக் வந்திருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். கிரவுன் வீல் ஏற்கனவே அளவு வைத்துப் பொருத்தியே வரும், கழற்றி மாட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. பின் டிஃப்பின் ரேஷியோவும் முன் டிஃப்பின் ரேஷியோவும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 4.1 இருக்க, பின்னால் 3.9 வாங்கி மாட்டிவிட்டால், ஃபோர் வீல் போட்ட உடனே முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். கடையில் நிற்கும்போதே பல்லை எண்ணிவிடலாம். கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 என்றால் 4.1. 43க்கு 11 என்றால் 3.909. தவுக்கே சொல்லும் எண்ணை வைத்து முடிவு செய்யாமல் நீங்களே எண்ணுங்கள், ஐந்து நிமிட வேலை. லாக்கை இயக்கும் மோட்டார், அதன் ஒயர், பட்டன் எல்லாம் கூட வருகிறதா என்று பாருங்கள். மோட்டாரைத் தனியாகத் தேடி வாங்க நேர்ந்தால் மிச்சப்படுத்திய காசு அதிலேயே போய்விடும். கடையிலேயே ஒரு பேட்டரியை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. பல வருடம் ஓடாமல் கிடந்த மோட்டார் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும்.

டிஃப்புக்குள் கியர்களை வெல்டிங் அடித்து ஒன்றாக்கிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திரும்பப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் டயர் உரசும், ஷாஃப்ட் முறுக்கேறும், மழையில் வண்டி நேராகத் தள்ளும். பொதுச் சாலையில் மற்றவர்களும் ஓடுகிறார்கள்.

உடையும் கணக்கு

லாக்கர் போட்ட பிறகு ஆக்ஸில் உடைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் முன்பு சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. எஞ்சின் 400 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது, முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, டிஃப் 3.9 என்று வைத்துப் பெருக்கினால் 15,600. இதில் பாதிக்கு மேல் ஒரு பக்க ஷாஃப்டுக்குப் போகாதபடி சாதா டிஃப் தானாகவே காத்துக்கொண்டிருந்தது. லாக் போட்டு ஒரு சக்கரம் காற்றிலும் மற்றது பாறை இடுக்கிலும் இருந்தால், டயர் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவும் அந்த ஒரே ஷாஃப்டின் தலையில். அதிலும் பெரிய டயர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் உடைவது, சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் திடீரென்று பிடிப்புக் கிடைத்து நிற்கும் அந்த நொடியில்தான். அதனால் லாக்கை மாட்டிக்கொண்ட பிறகு அழுத்துவதைவிட, மேட்டைப் பார்த்ததும் கீழேயே நின்று அழுத்திவிட்டு, லோ ரேஞ்சில் ஒரே சீராக ஏறுவதுதான் ஷாஃப்டுக்கு நல்லது. ஏறி முடித்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். சில வண்டிகளில் பின் லாக்கை அழுத்தினால் முன் சக்கரங்களின் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலும் சேர்ந்து அணைந்துவிடும். உங்கள் வண்டி எப்படி என்று மேனுவலைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டியாக இருந்தால் வாரண்டிக்கு என்ன ஆகும் என்று கடையிலும், இன்சூரன்ஸுக்கும் சோதனைக்கும் என்ன ஆகும் என்று காப்புறுதி நிறுவனத்திலும் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் கேட்டுவிட்டுத்தான் ஆக்ஸிலில் கைவைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமாக இது இருக்கக் கூடாது.

பொருத்திய பிறகு முதல் 1,000 கிலோமீட்டருக்குள் டிஃப் எண்ணெயை ஒரு தடவை மாற்றிவிடுங்கள். வடியும் எண்ணெயில் நைசான இரும்புத் தூள் இருப்பது சகஜம், விரலில் தட்டுப்படும் சில்லு இருந்தால் உடனே திறந்து பார்க்க வேண்டும். ஆற்றைக் கடந்து வந்த வாரமும் அந்த நட்டைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான டிஃப் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறைக்கு மேல் ஏற்றிக் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை போகும், குழாய்க்குச் சில வெள்ளிதான் ஆகும். பட்டன் வகை லாக் என்றால் மாதம் ஒரு தடவையாவது மண் பாதையிலோ புல் தரையிலோ போட்டு எடுங்கள், அப்போதுதான் மோட்டாரும் பல்லைத் தள்ளும் ஃபோர்க்கும் இறுகாமல் இருக்கும்.